ஒரு சுரம் கூடின மௌத் ஓர்கன்

ஆமியில் சேர்ந்தால் ஆளுக்கொரு துவக்குக் கொடுப்பார்கள். அந்தத் துவக்கை வைத்துக்கொண்டு பின்னேரம் மூன்று மணி வெயிலில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் எங்கள் முகாமில் இருந்த பதினொரு பேரில் ஏழு பேரிடம் ஏதோ ஒரு வாத்தியம் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். மற்ற ஆறு பேருக்கும் தங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது தெரியாது.

முகாம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மன்னார்த் தீவின் மேற்குப் பக்கம், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில், பனைகளுக்குள் நாலு கிடுகுக் கொட்டில், ஒரு கூடாரம், ஒரு கொடிக்கம்பம், உப்புக் கரிக்கிற ஒரு கிணறு. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அக்கரை இராமநாதபுரம் பக்கத்திலிருந்து தோணியில் களவாக வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்க எங்களை அங்கே போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எங்களுடைய வசதி பார்த்து வருவதில்லை. ஆறு மாதத்தில் நாங்கள் பிடித்தது இரண்டு மூட்டை சேலை, ஒரு பெட்டி சவர்க்காரம், சொந்தக்காரன் இல்லாத ஓர் ஆடு. ஆட்டிடம் விசாரிக்க ஒன்றும் இருக்கவில்லை. சமைத்துவிட்டோம்.

மீதி நேரமெல்லாம் சங்கீதம். சமையல்காரன் இரண்டு கரண்டியை முதுகுக்கு முதுகு வைத்து எனாமல் கோப்பையில் தட்டுவான். இன்னொருவன் சீப்பில் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றி ஊதுவான்; அதே சீப்பால்தான் காலையில் தலை வாரி அணிவகுப்புக்கு வருவான். கண்டிப் பக்கத்துப் பெடியன் ஒருவனிடம் புல்புல்தாரா இருந்தது. அதைத் தபால் கந்தோரில் தந்தி அடிக்கிற மாதிரி அடிப்பான். எங்கள் லெப்டினன்ட் கொழும்பு ஆள், இருபத்து மூன்று வயது, மீசை இன்னும் சரியாக ஒட்டவில்லை. அவரிடம் நாலு நரம்பு போட்ட சின்னக் கிட்டார் ஒன்று இருந்தது. யுகுலேலே என்று பெயர். அதற்கு உள்ளே வெல்வெட் வைத்த தோல் பெட்டி. எங்கள் துவக்குகள் உப்புக் காற்றில் சும்மா கிடந்து கறள் பிடித்தன. முகாமில் காது உள்ள ஒரே ஆள் தான்தான் என்று லெப்டினன்ட் உறுதியாக நம்பினார். அவருடைய யுகுலேலே ஒருநாளும் சுருதி சேர்ந்து நான் கேட்டதில்லை.

வாசிக்கத் தெரிந்தவன் என்று சொன்னேனே, அவன் கோப்ரல். நீர்கொழும்புக் கடற்கரைச் சிங்களக் கத்தோலிக்கன், தடித்த உடம்பு, சிறுவிரல் அளவுக்குக்கூடப் பொறுமை இல்லாதவன். அவனிடம் ஒரு மௌத் ஓர்கன். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை ஓட்டைகள். சிவப்பு லேஞ்சியில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைச் சாராயத்தில் கழுவுவான். கழுவின சாராயத்தை வீணாக்கவும் மாட்டான். பைலா வாசித்தால் கிணற்றடியில் குளிக்கிறவன்கூட வாளியை வைத்துவிட்டு ஆடுவான். ஆனால் ஐப்பசி பிறந்து செபமாலை மாதம் வந்ததும் ஆள் பக்தனாகிவிட்டான். ஒவ்வொரு பின்னேரமும் மாதா பாட்டு. அந்த மெட்டு கரையோரம் முழுக்க ஒன்றுதான். நீர்கொழும்பில் சிங்களத்தில் பாடுவார்கள், எங்கள் பக்கத்தில் தமிழில் பாடுவோம்.

எனக்கு அதில் ஒரு தொல்லை இருந்தது. பாட்டின் மூன்றாவது வரியில் கோப்ரல் ஒரு சுரம் கூடப் போடுவான். நின்று மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு 'பீ'. கேட்டுக் கேட்டு எனக்குப் பல் கூசும். கோப்ரலுக்குப் பிழை சொல்கிற அளவுக்கு என் தோளில் கோடு இல்லை. 

என்னிடம் வாத்தியம் கிடையாது. நான் மொழிபெயர்ப்பாளன். ஊர் விடத்தல்தீவு தாண்டி இலுப்பைக்கடவை போகிற வழியில். பெயரைச் சொன்னால் ஊர்ச்சனம் சண்டைக்கு வரும், ஏன் என்று பிறகு விளங்கும். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஐயாவுக்குக் கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், பியோன் வேலை கிடைத்து மன்னார் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். பிறகு பட்டணத்துப் பள்ளிக்கூடம், கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சிங்களம், ஆமி. அம்மா கோயிலில் யாரும் கேட்டால் "மகன் அரசாங்க உத்தியோகம்" என்று மட்டும் சொல்லுவா. எந்த உத்தியோகம் என்று கேட்பதற்குள் செபமாலையைக் கையில் எடுத்துவிடுவா.

முகாமில் என் வேலை இதுதான். பிடிபட்டவனைப் பேச வைத்து, அவன் பேச்சு இக்கரையா அக்கரையா என்று ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அரைப் பக்கத்தை வைத்துத்தான் ஆளை விடுவதா, கப்பலில் ஏற்றுவதா என்று மேலே முடிவெடுப்பார்கள். இருபத்தைந்து வயதில் ஒருவனுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் அது நேரே தலைக்குத்தான் ஏறும். எனக்கும் ஏறியது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கடற்கரையில், மீன்பிடிகாரர் பருவத்துக்குப் போடுகிற வாடி ஒன்றுக்குள் படுத்திருந்த ஒருவனைப் பிடித்து வந்தார்கள். முதல் நாள்தான் அந்தப் பக்கம் இரண்டு தோணி கரை தட்டியதாகத் தகவல். ஆளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுத்து மெலிந்த, கழுத்து நரம்பு புடைத்த ஆள். சங்கு குளிக்கிறவன் என்றான். கையில் ஒரு காகிதமும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் என்னுடைய ஊரைச் சொன்னான்.

எனக்கு அவனைத் தெரியவில்லை. நான் ஊரை விட்டுப் பதினான்கு வருடம். நான் பேனாவை எடுத்துக்கொண்டு, சப்பாத்துக் காலுக்கு மேல் கால் போட்டுக் கதிரையில் இருந்துகொண்டு கேட்டேன்.

"பிறப்புப் பத்திரம் எங்க?"

"கடலுக்க சங்கு எடுக்கப் போறவன் பிறப்புப் பத்திரத்தைப் பல்லுக்க கடிச்சுக்கொண்டோ போறது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொன்னனான் தானே. நீ என்ன தம்பி, ஆமிச் சோறு நல்ல ருசியோ? தமிழனைப் பிடிச்சுக் குடுத்தாக் கறி கூடப் போடுறாங்களோ?"

பக்கத்தில் நின்ற லெப்டினன்ட் "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். என்ன சொன்னான் என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை. "பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது சேர்" என்றேன். உண்மையில் அவன் பேச்சில் அக்கரைச் சொற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. சங்கு குளிக்கிறவர்கள் பருவம் பருவமாக அக்கரை ஆட்களோடு ஒரே வள்ளத்தில் கிடக்கிறவர்கள், அப்படித்தான் பேசுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், காது சூடாகிப்போன கோபத்தில், "பேச்சு சந்தேகத்துக்குரியது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கதவும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. எங்கள் ஊர்க் கோயில் சுவாமியார் வருடாந்த தியானத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்துப் பூட்டின அலுமாரியின் திறப்பும் அவரோடு போயிருந்தது. கச்சேரி மூலம் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரைக் கேட்டார்கள். அப்படி ஓர் ஆளைத் தெரியாது என்று பதில் வந்தது. அதை அவனிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை.

"அவன்ர மாடு என்ர வலையைத் திண்டது. நான் மாட்டுக்கு ரெண்டு போட்டனான். அண்டையில இருந்து விதானைக்கு என்னைத் தெரியாது" என்றான்.

அப்படியென்றால் ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு விசாரிக்கலாமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். லெப்டினன்ட் சிரித்தார். அதற்கு முந்திய மாதம் வேறொரு முகாமில் பிடிபட்டவனுக்காக நாற்பது பேர் வந்து, அவன் தங்கள் கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் என்று சத்தியம் பண்ணினார்கள். விசாரித்ததில் அவன் இராமநாதபுரத்துத் துணி வியாபாரி, அதிலும் சைவன். ஆகவே சனத்தின் வாய் செல்லாது. வெள்ளிக்கிழமை காலை லொறி வரும். லொறியில் ஏறினால் மன்னார், அங்கிருந்து கொழும்பு, அங்கிருந்து கப்பல்.

வியாழக்கிழமை காலை சோறு கொண்டுபோனபோது முதல் தடவையாக அவன் குரல் இறங்கியிருந்தது.

"அக்கரையில எனக்கு ஆரைத் தெரியும்? மூண்டு பிள்ளை. பெஞ்சாதி நான் கடலுக்க கிடக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பாள்" என்றான். பிறகு, சொன்னது தனக்கே பிடிக்காதவன் மாதிரி, "சோத்தில உப்பு இல்லை" என்று கோப்பையைத் தள்ளினான். நான் எழுதின அரைப் பக்கம் லெப்டினன்டின் பெட்டிக்குள் இருந்தது. திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பயம்.

அன்று பின்னேரம் வழக்கம்போல வெயில். நான் சமையல் கொட்டிலுக்கு முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கோப்ரல் பெனியனோடு கட்டிலில் கிடந்து மாதா பாட்டைத் தொடங்கினான். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரியில் அந்த 'பீ'. உடனே கைதி இருந்த கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"டேய்! நிப்பாட்டடா!"

மௌத் ஓர்கன் நின்றது.

"நாலு நாளாக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன். மாதாவின்ர பாட்டை இப்பிடிக் கொலை செய்யிறியே! அந்த இடத்தில நிக்கோணும். நிண்டு, மூச்சு எடுத்து, பிறகுதான் போகோணும். என்னைக் கப்பல்ல ஏத்துறது ஏத்து, பாட்டைச் சரியா வாசி!"

கோப்ரல் என்னைப் பார்த்தான். மொழிபெயர்ப்பது என் கடமை. மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை நாள் பல் கூச்சம் என்னை விடவில்லை.

"கோப்ரல், அவன் சொல்வது சரிதான். நானும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்" என்றேன் சிங்களத்தில்.

கோப்ரல் எழும்பிய வேகத்தில் கட்டில் சரிந்தது. அவன் ஊரில் ஐந்து கோயில். ஐந்து கோயிலிலும் அவன் தாயின் திருமணம், தாயின் தாயின் திருமணம், அவனுடைய திருமணம், எல்லாம் இந்தப் பாட்டோடுதான் நடந்திருக்கிறது. மீன் தின்று வளர்ந்த இரண்டு மன்னார்க் கழுதைகள் அவனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதா? பட்டணத்துத் தெருவில் கழுதைகள் திரிவதை அவன் பார்த்திருந்தான். சமயம் பார்த்து எடுத்துவிட்டான். கொட்டில் கதவைத் திறந்து கைதியை வெளியே இழுத்து நிறுத்தி, "பாடச் சொல்" என்றான்.

கைதி பாடினான். குரல் மோசமில்லை. மூன்றாவது வரியில் அந்த இடம் வந்ததும் வாயை மூடி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, அடுத்த சொல்லுக்குப் போனான்.

"நீ பாடு" என்றான் கோப்ரல் என்னிடம். நானும் பாடினேன். நானும் அங்கே வாயை மூடி மூச்செடுத்தேன்.

"இரண்டு பேரும் சேர்ந்து பாடுங்கள், நான் வாசிக்கிறேன்."

அந்த இடத்தில் மௌத் ஓர்கன் மட்டும் தனியாக 'பீ' என்றது. நாங்கள் இரண்டு பேரும் பூட்டுப் போட்ட மாதிரி நின்றோம். கோப்ரல் மௌத் ஓர்கனை வாயிலிருந்து எடுத்தான். கோபம் வடிந்து வேறு ஒரு முகம் வந்திருந்தது.

"இவனை உனக்கு முன்பே தெரியுமா?"

"இல்லை கோப்ரல்."

"அப்படியென்றால் எப்படி இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாயை மூடுகிறீர்கள்?"

"எல்லாரும் அங்கேதான் மூடுவார்கள்."

"எந்த எல்லாரும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை நான் யோசித்ததே இல்லை. மன்னார் பட்டணத்துக் கோயிலில் பதினான்கு வருடம் பூசை கண்டவன் நான். அங்கேயும் அந்த இடத்தில் ஒருவரும் நிற்பதில்லை. பட்டணத்து ஆட்கள், அலங்காரத்துக்கு ஒரு சுரம் போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்து, சாந்தமாக மன்னித்துவிட்டு, நான் மட்டும் நின்று மூச்செடுத்துக்கொண்டிருந்தேன்.

கோப்ரல் விடவில்லை. வேறு ஒரு பாட்டு, தேவநற்கருணைப் பாட்டு, வாசித்தான். இரண்டு பேரும் ஒன்றாகவே இரண்டு இடத்தில் வாயை மூடினோம். பிறகு பாஸ்கா காலத்துப் பாட்டு ஒன்று. ஓரிடத்தில் மூடினோம். அவன் மௌத் ஓர்கனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டைகளை விரலால் எண்ணினான்.

"எல்லாப் பாட்டிலும் ஒரே ஓட்டை. இந்த ஓட்டை வந்தால் இவர்கள் செத்துப் போகிறார்கள்" என்றான்.

கைதிதான் முதலில் சிரித்தான். "கோயில் பெட்டி" என்றான் என்னிடம். அதோடு எனக்கும் வெளிச்சம் வந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சுவாமி கொண்டுவந்தது. உப்புக் காற்றில் அதில் ஒரு கட்டை செத்துவிட்டது. அமத்தினால் 'புஸ்' என்று காற்று மட்டும் வரும். அடுத்த திருநாளுக்குள் திருத்துவோம் என்று ஒவ்வொரு திருநாளும் சொல்லுவார்கள். அதை வாசித்த உபதேசியாருக்கு ஒரேயொரு சுருதியில்தான் வாசிக்கத் தெரியும். எல்லாப் பாட்டும் அந்தச் சுருதிதான், ஆகவே எல்லாப் பாட்டிலும் அந்தச் சுரம் போய்விட்டது. அவர் கையில் பிரம்பு வைத்துக்கொண்டு பாட்டுப் பழக்குவார். பெட்டி பேசாத இடத்தில் பிள்ளைகளும் பேசக் கூடாது என்பது அவருடைய சட்டம். மீறிப் பாடினவன் முழங்காலில். இப்படியாக ஒரு முழு ஊர், தகப்பனும் பிள்ளையும், பரலோகத்துக்குப் போகும் வரை அந்த இடத்தில் மூச்சு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. மாதாவும் ஒருநாளும் குறை சொல்லவில்லை.

கோப்ரல் சிகரட் தாளிலிருந்து ஈயத்தைப் பிய்த்து, நாக்கில் நனைத்து, அந்த ஓட்டையை மேலும் கீழும் அடைத்தான். பிறகு மாதா பாட்டை முதலிலிருந்து வாசித்தான். மூன்றாவது வரியில் 'புஸ்' என்று காற்று வந்தது.

"இப்பதான் பாட்டு" என்றான் கைதி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று கோப்ரலிடம் சொன்னேன்.

அடுத்த பிரச்சினை லெப்டினன்ட். கோப்ரல் நேரே போய் விஷயத்தைச் சொன்னான். அவர் முதலில் நம்பவில்லை. ஆனால் விஷயம் காது சம்பந்தப்பட்டது என்பதால் யுகுலேலேயைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறோமோ என்று என்னைக் கடற்கரைக்கு விரட்டிவிட்டு, கைதியைத் தனியாக நாலு பாட்டுப் பாடச் செய்து, வாய் மூடிய சொற்களையெல்லாம் கொப்பியில் குறித்தார். பிறகு அவனைக் கொட்டிலுக்குள் விரட்டிவிட்டு என்னைப் பாடச் செய்தார். கொப்பியில் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்று. இடையிடையே யுகுலேலேயும் வாசித்தார். அது ஒன்றுக்கும் உதவவில்லை, ஆனால் அதைத் தவிர்க்கவும் முடியவில்லை.

கடைசியில் அவர் எழும்பி நின்று, "விதானை பொய் சொல்லலாம், ஊர் பொய் சொல்லலாம். காது பொய் சொல்லாது" என்றார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனால் இதை நான் மேலே எழுத முடியாது. கோயில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை பழுது, ஆகையால் இந்த ஆள் இலங்கையன் என்று எழுதினால் என்னை அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். விதானையின் பதிலைத் தவிர, இந்த ஆளுக்கு எதிராக என்னிடம் இருப்பது உன் அரைப் பக்கம்தான். அதைத்தான் நீ மாற்ற வேண்டும். பேச்சைப் பிழையாக எழுதினேன், இவன் என் ஊரவன், நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வை. நாளைக்கு வேறு மாதிரித் தெரிந்தால் வீட்டுக்குப் போவது நீ."

நத்தார்ப் பெருநாளுக்கு எனக்கு இரண்டாவது கோடு வருவதாக இருந்தது. பிழையாக எழுதினவனுக்குக் கோடு கிடையாது என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. உடனே பேனாவைப் பிடுங்கி எழுதினேன் என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அப்படி நடக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். கோப்ரல் பின்னால் வந்து நின்று, அடைத்த ஓட்டையோடு அந்த மூன்றாவது வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தான். சனியன், அவனுக்கு விஷயம் தெரியும். எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை லொறி வந்து வெறுமனே திரும்பியது. அவனை மன்னார் பஸ்ஸில் ஏற்றிவிட என்னை அனுப்பினார்கள். மணலுக்குள்ளால் ரோட்டுக்கு அரை மணி நடை. கோப்ரல் கொடுத்த சிகரட் பெட்டி அவன் மடியில் இருந்தது. நான் ஒரு நன்றியை எதிர்பார்த்துக்கொண்டு நடந்தேன், பொய் சொல்லக் கூடாது. அவன் சிகரட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். ரோட்டோரம் வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான்.

"உன்னை எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"கச்சேரிப் பியோன்ர மூத்தவன். கோயில்ல எனக்கு முன் வரிசை. அந்த இடத்தில வாயை மூடாமப் பாடி உபதேசியாரிட்ட வாங்கிக் கட்டினவன். கதிரையில காலுக்கு மேல காலைப் போட்ட உடன அடையாளம் கண்டிட்டன். உன்ர கொப்பரும் அப்பிடித்தான் இருப்பார்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இவ்வளவு பாடு இல்லையே!"

"நான் ஏன் சொல்லோணும்? நீ கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"கேட்டனான் தானே. ஊர் கேட்டன், பேர் கேட்டன், தேப்பன்ர பேர்கூடக் கேட்டு எழுதினனான்."

"அந்தப் பேரில ஊரில இருவது பேர். 'நீ ஆற்றை மகன்' எண்டு ஒருக்கால் கேட்டனியோ?"

எங்கள் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவனைக் கண்டால் முதல் கேள்வி அதுதான். ஆற்றை மகன், அதாவது யாருடைய மகன், எந்தக் குடும்பம், எந்தப் பட்டப்பெயர். சந்தையில் கேட்பார்கள், செத்த வீட்டில் கேட்பார்கள், பாவசங்கீர்த்தனம் கேட்கிற சுவாமிகூடக் கேட்டுவிடுவார். பெயருக்குப் பதில் அதைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். நாலு நாள் அவனை வைத்துக்கொண்டு பிறப்புப் பத்திரம் கேட்டேன், கையெழுத்துக் கேட்டேன், நாலு பாட்டுக் கேட்டேன். அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனைத் தெரிந்துகொள்ள வேண்டி வந்திருக்கும்.

பஸ் பனைகளுக்குள்ளால் தூசியோடு வந்தது. அவன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு பையைத் தூக்கினான்.

"அண்ணை," என்றேன், "நீங்கள் ஆற்றை மகன்?"

மிதிபலகையில் ஒரு காலை வைத்தவன் திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை.

"இனி எதுக்கு?" என்றுவிட்டு உள்ளே போய் இருந்தான். பஸ் போய்விட்டது.